மீதி முப்பத்தெட்டு

அந்த ஆய்வகத்தில் டைப்பிஸ்டுக்கு வைத்திருந்த பெயர் முற்றுப்புள்ளி. அடுத்தவர் வாக்கியம் முடியும் முன்பே புள்ளி வைத்துவிடுவான். போதாக்குறைக்கு, மாலையில் ஆங்கில இலக்கண வகுப்புக்கும் போய்க்கொண்டிருந்தான். அதன் விளைவு முழுவதும் லேப் டெக்னீஷியன் தலையில்தான் விடிந்தது.

“அக்கா, ‘நோ’ வேற, ‘நாட்’ வேற, ‘நன்’ வேற. நமக்குத்தான் எல்லாத்துக்கும் ஒரே ‘இல்ல’.”

“லீவு கேட்டா பெரிய டாக்டர் சொல்றாரே, அது எந்த ‘இல்ல’?”

“அது ‘நெவர்’ அக்கா.”

மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே சிரித்தாள். கண்ணாடித் துண்டில் இருந்தது ஒரு பஸ் டிரைவரின் சளி. காசநோய்க் கிருமி இருந்தால் நீலத்தின் நடுவே சிவப்புக் குச்சியாகத் தெரியும். கண்ணாடியை நகர்த்தி நகர்த்தி நூறு இடங்களைப் பார்த்த பிறகே ‘காணப்படவில்லை’ என்று எழுதலாம். இடத்துக்கு ஒரு முறை அழுத்தும், இடது கையிலிருந்த எண்ணியில் அறுபத்திரண்டு.

டிரைவர் வெளியே பெஞ்சில் இருந்தார். மூன்று வாரமாக இருமல். மனைவிக்குக் குழந்தை பிறந்து எட்டு நாள். ரிசல்ட் வரும்வரை வீட்டுக்குப் போக வேண்டாம் என்று டிப்போவிலேயே படுத்துக்கொண்டார். மகளை இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

பத்து ரிப்போர்ட்டில் ஒன்பது ‘நாட் சீன்’, அதாவது காணப்படவில்லை, என்றுதான் வரும். அதனால் முற்றுப்புள்ளி எல்லாவற்றிலும் முன்கூட்டியே அதை அடித்து வைத்துவிடுவான். வேறு மாதிரி இருந்தால் அவள் திருத்துவாள். இருவருக்கும் வேலை மிச்சம். அன்றும் பிரிண்டர் ஒரு தாளைத் துப்பியது. ஜன்னல் வழியே கழுத்தை நீட்டினார் டிரைவர்.

“நாட் சீன்... அப்ப இல்லையா சார்?”

“அப்படித்தான்...” என்று இழுத்தான் முற்றுப்புள்ளி.

அதற்குள் டிரைவரின் போன் காதுக்குப் போய்விட்டது. “ஏய், இல்லையாம்டி! இதோ வரேன். பாப்பாவ முதல்ல என் கையில குடு!” படிக்கட்டில் செருப்புச் சத்தம் தடதடத்தது.

டெக்னீஷியன் நிமிர்ந்தாள். “அவரக் கூப்பிடு.”

“மீதி முப்பத்தெட்டுல என்னக்கா வந்துடப் போகுது?”

“தெரியாது. அதனாலதான் கூப்பிடச் சொல்றேன். ஓடுடா!”

கேட்டருகே பிடித்து அழைத்து வந்தான். டிரைவர் முகம் சிவந்திருந்தது. “நானே படிச்சேன் மேடம். எனக்கும் நாலெழுத்து இங்கிலீஷ் தெரியும்!”

“நீங்க படிச்சது சரிதான் அண்ணே. பார்த்து முடிக்கறதுக்கு முன்னாடியே எழுதினது எங்க தப்பு. நான்தான் அதுக்கு இடம் குடுத்தேன்.” அவர் எதிரிலேயே தாளைக் கிழித்தாள். “பத்து நிமிஷம் உக்காருங்க.”

முற்றுப்புள்ளி கிழிந்த துண்டுகளைப் பொறுக்கினான். எண்ணியின் கிளிக் மட்டும் கேட்டது. எழுபது. எண்பது.

எண்பத்தாறில் நின்றுவிட்டது. அருகருகே மூன்று சிவப்புக் குச்சிகள்.

பெரிய டாக்டர் குனிந்து பார்த்தார், தலையசைத்தார். வெளியே வந்து, ஆறு மாத மருந்து, ஒழுங்காகச் சாப்பிட்டால் குணமாகிவிடும், தான் சொல்லும்வரை குழந்தை அருகே போகக்கூடாது, மனைவியையும் குழந்தையையும் நாளையே அழைத்து வந்து காட்ட வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார்.

டிரைவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு போன் செய்தார்.

“இருக்காம்டி. பாப்பா கிட்ட வரக்கூடாதாம்.”

மறுமுனையில் மனைவியின் குரல் பெஞ்சைத் தாண்டியும் ஒலித்தது. “தூக்கத்தானே கூடாது? ஜன்னலுக்கு வெளிய, தள்ளி நில்லு. உள்ள இருந்து நான் காட்டறேன். டாக்டரக் கேளு, அது தப்பான்னு.”

டிரைவர் நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தார். டாக்டர் சட்டைப் பையைத் தடவி, மாஸ்க் அகப்படாமல், டெக்னீஷியன் பக்கம் கை நீட்டினார்.

“ரெண்டா குடும்மா. ஒண்ணு அழுகைல நனைஞ்சிடும்.”