மதியமே வந்துவிடும் நாளை

தம்பி பல் டாக்டர். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அக்கா மருந்துக்கடை வைத்திருந்தாள். மதியத்துக்குமேல் அவன் எழுதும் சீட்டுகளில் மறுநாள் தேதியே இருந்ததால், ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் மாடியேறி வந்தாள்.

"என்னடா, நாளைக்கு வரவேண்டிய பல்வலி இன்னைக்கே வந்துடுதா?"

அவன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் தேதி எழுதுவான். ஆசைப்பட்டு வாங்கிய, சாவி கொடுக்கும் பழைய கடிகாரம். இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முள் பன்னிரண்டைத் தாண்டியது. தேதி பதின்மூன்றிலிருந்து பதினான்குக்குத் தாவியது.

"உள்ள பல்சக்கரம் தேஞ்சிருக்கும்க்கா. பிரிச்சுப் பாத்துடலாம்."

"அதுக்கும் பல்லைப் பிடுங்கணுமா? மணி வைக்கிறப்ப பகலை ராத்திரியாக்கி வெச்சிருக்க, அவ்வளவுதான்."

அவள் கடிகாரத்தை வாங்கி, அதன் பக்கவாட்டுத் திருகை முழுதாக இழுத்து, சின்ன முள்ளை ஒரு முழுச் சுற்று முன்னால் தள்ளினாள். பிறகு திருகை ஒரு படி உள்ளே அழுத்தி, தேதியை மட்டும் மாதம் முழுக்கச் சுற்றிப் பதின்மூன்றில் நிறுத்தினாள்.

மறுநாள் மதியம் இருவரும் சாப்பாட்டைத் தொடாமல் காத்திருந்தார்கள். பன்னிரண்டு தாண்டியும் தேதி அசையவில்லை. தம்பிக்கு வாயெல்லாம் பல்.

"எப்படிக்கா கண்டுபிடிச்ச?"

"காலையில, ராத்திரின்னு எழுதிக் குடுக்கலன்னா மனுஷங்களே மாத்திரையை மாத்திப் போட்டுக்குறாங்க. கடிகாரம் என்ன பண்ணும் பாவம்," என்றபடி அக்கா சாப்பாட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.