கட்டுரையில் வந்த மீனவர்

நிர்மலாதேவி தன் வாழ்நாளில் ஓர் உளவாளியைக்கூட நேரில் பார்த்ததில்லை. கூட்டங்களில் பேசும்போது இதை அவர் கொஞ்சம் பெருமையாகவே சொல்வார். அரசியல் அறிவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். உள்நாட்டு உளவுத்துறை யாரை நம்புகிறது, எங்கே கோட்டை விடுகிறது என்று மூன்று புத்தகங்கள் எழுதியிருந்தார். எல்லாமே தீர்ப்புகளையும் அறிக்கைகளையும் படித்து, ஒன்றோடு ஒன்றை ஒட்டிப் பார்த்து எழுதியவை. முத்தியால்பேட்டை வீட்டு மாடியில் ஒரு மேசை, ஒரு கணினி. அவ்வளவுதான் அவருடைய உலகம்.

சித்திரை மாதம் ஒரு வார இதழுக்காகக் கடலோரப் பாதுகாப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கரையில் நடப்பதை உளவுத்துறைக்குச் சொல்லும் ஆட்கள் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள் என்று வாசகருக்குப் புரியவைக்க ஓர் ஆள் தேவைப்பட்டார். ஒரு மீனவரைக் கற்பனை செய்தார். இடது கையில் சுண்டுவிரல் இல்லை. கயிறு சுற்றி அறுத்துக்கொண்டு போய்விட்டது. பேசும்போது கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். போனை பிளாஸ்டிக் கவரில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பார். பெயர் வைக்கவில்லை. கட்டுரை நன்றாக வந்திருப்பதாக ஆசிரியர் சொன்னார்.

ஆனி பிறந்த பிறகு, ஒரு காலை வேளையில் ஒரு பெண் கேட்டைத் தட்டினாள். ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் செருகிய புடவை, கையில் காலிக் கூடை.

"நீங்கதான் பேப்பர்ல எழுதுற அம்மாவா?"

"ஆமா. நீங்க?"

"எம் பேரு சின்னப்பொண்ணு. வைத்திக்குப்பம். பெரிய மார்க்கெட்ல மீன் விக்கிறேன். எங்க வூட்டுக்காரர காணும். எங்க இருக்காருன்னு சொல்லிடுங்கம்மா, போயிடுறேன்."

நிர்மலாதேவிக்குப் புரியவில்லை. சின்னப்பொண்ணு தன் போனை நீட்டினாள். அதில் அந்தக் கட்டுரை இருந்தது. மகள் வினோதா படித்துக் காட்டினாளாம். அடுத்ததாகத் திரையைத் தள்ளி ஒரு படத்தைக் காட்டினாள். வலைக் குவியலின் மேல் ஒல்லியாக ஒரு மனிதர், கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். தொடை மேல் வைத்திருந்த இடது கையில் நான்கு விரல்கள்தான்.

"உத்திராபதி. இவர பத்திதான எழுதியிருக்கீங்க?"

"இல்லம்மா. அது நானா யோசிச்சு எழுதினது. அப்படி ஒரு ஆளே கிடையாது."

சின்னப்பொண்ணு கோபப்படவில்லை. அடம்பிடிக்கும் குழந்தையைப் பார்ப்பதுபோல் பொறுமையாகப் பார்த்தாள்.

"போன கவர்ல சுத்தி வெப்பாரே, அதுவுமா?"

கட்டுரை வந்த மறுவாரமே, அதில் வரும் ஆள் உத்திராபதிதான் என்று குப்பத்தில் ஆட்கள் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்களாம். படகில் ஏற்றிக்கொள்ளவும் ஆளில்லை. ஒரு நாள் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பியவர் திரும்பவில்லை. காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்திருக்கிறாள். தேடுகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"இவ்ளோ தெரிஞ்சவங்களுக்கு மிச்சம் தெரியாமலா இருக்கும்? அவரு வேற எங்கெல்லாம் போவாரு, அதயாவது சொல்லுங்க."

தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் கட்டுரையிலிருந்து வெட்டிய ஒரு பத்தி மனதில் வந்து நின்றது. இடம் போதாமல் அவரே நீக்கியது. வேறு யாரும் படிக்காதது. அந்த மீனவர் தன் அதிகாரியைச் சந்திக்கும் இடம்: தட்டாஞ்சாவடியில் மூடிக் கிடக்கும் ஒரு பாட்டில் கம்பெனி, அதன் பக்கச் சுவரை ஒட்டி ஒரு டீக்கடை, மேலே வேப்பமரம்.

நிர்மலாதேவி அந்தப் பக்கம் போனதே இல்லை. தொழிற்பேட்டை என்பதால் எழுதியிருந்தார். அப்படி ஓர் இடம் இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டால் இந்தப் பெண்ணுக்கும் தெளியும், தனக்கும் நிம்மதி என்று நினைத்தார்.

"வாங்க, ஒரு இடம் போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்," என்றார்.

ஆட்டோ தொழிற்பேட்டைக்குள் நுழைந்து பட்டறைகளைத் தாண்டிப் போனது. வெல்டிங் வெளிச்சம், லாரிகள், மதிய ஷிப்டுக்கு வரும் பெண்கள். ஒரு வளைவில், "இங்க லெப்ட்ல போங்க," என்றார் நிர்மலாதேவி. ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. திரும்பியதும் துருப்பிடித்த பெரிய கதவு. கதவுக்குப் பின்னால் உடைந்த பாட்டில்கள் வெயிலில் பச்சையாக மின்னின. பக்கச் சுவரை ஒட்டி டீக்கடை. மேலே வேப்பமரம்.

சின்னப்பொண்ணு இறங்கி நேராகக் கடைக்காரரிடம் போய்ப் போனைக் காட்டினாள்.

"இவரு இங்க வருவாரா?"

கடைக்காரர் ராஜாங்கம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "வருவாரே. இப்பதான் கொஞ்ச நாளா ஆளக் காணும்." அதற்குள் ஒரு கிளாஸை எடுத்து டீயை ஆற்றி நிர்மலாதேவியிடம் நீட்டினார். "எடுத்துக்குங்கம்மா. சக்கர போடல."

நிர்மலாதேவி டீயில் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை. அதை அவர் இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

"என்னை உங்களுக்குத் தெரியுமா?"

"இன்னாம்மா இப்பிடி கேக்குறீங்க? அவரு கூட வந்து அந்தப் பெஞ்சுலதான உக்காந்து பேசுவீங்க. அவரு சொல்லிக்கினே இருப்பாரு, நீங்க தலைய தலைய ஆட்டுவீங்க."

"நான் இங்க வந்ததே இல்ல."

ராஜாங்கம் அவரையும் சின்னப்பொண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோமோ என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது. "அப்ப வேற யாராவது இருக்கும்," என்று முணுமுணுத்துவிட்டுப் பாலைக் கிளறப் போய்விட்டார்.

சின்னப்பொண்ணு கத்தவில்லை, அழவுமில்லை. கிட்டே வந்து நிர்மலாதேவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர அனுப்பிடுங்கம்மா. எந்த வேலையா அனுப்பி வெச்சிருந்தாலும் நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன்."

மறுக்கவேண்டும் என்று நினைத்தார். அந்தப் பிடி இறுகிக்கொண்டே போனது. அதை விடுவித்துக்கொள்ள வேறு வழி தெரியாமல், "வந்துடுவார்," என்றார்.

அதற்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து பழைய நாட்களை யோசித்து யோசித்துப் பார்த்தார். வெளியே போன நாள், பஸ் ஏறிய நாள், எதிலும் தட்டாஞ்சாவடி இல்லை. மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது அந்த மனிதரை எப்போதோ பார்த்திருக்கலாம், விரல் மனதில் தங்கியிருக்கலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். டீக்கடைக்கு என்ன சமாதானம் என்பதுதான் தெரியவில்லை. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. தான் எதை எழுதினாலும் அது எங்கோ ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் என்ற பயம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாலை, வெயில் தாழ்ந்த நேரம், கேட் தட்டப்பட்டது. சின்னப்பொண்ணு நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. கூடையில் வாழையிலையில் சுற்றிய வஞ்சிரம்.

"வந்துட்டாரும்மா! நீங்க சொன்னா மாதிரியே வந்துட்டாரு."

அவளுக்குப் பின்னால் உத்திராபதி நின்றிருந்தார். படத்தில் இருந்ததைவிட இளைத்து, கறுத்திருந்தார். நிர்மலாதேவியைப் பார்த்ததும் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"எங்க போயிருந்தீங்க?" என்று கேட்டார் நிர்மலாதேவி.

"நீங்க போவச் சொன்ன எடத்துக்குத்தாம்மா."

சின்னப்பொண்ணு வாக்குக் கொடுத்தபடியே எதையும் கேட்கவில்லை. "நீங்க பேசிக்கினு இருங்க," என்று மீனை எடுத்து வைத்துவிட்டு, காலிக் கூடையோடு தெருமுனைக்கு நடந்துவிட்டாள்.

உத்திராபதி உள்ளே வந்தார். உட்காரச் சொல்வதற்கு முன்பே படியருகே குந்தி உட்கார்ந்தார். சத்தத்தைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தார். எந்தக் கரையில் யார் இறங்கினார்கள், எந்தக் கொட்டகையில் யார் தங்கினார்கள், யார் யாருக்குப் போன் செய்தார்கள் என்று ஒவ்வொன்றாக, நிதானமாகச் சொன்னார். எந்த அறிக்கையிலும் தீர்ப்பிலும் கிடைக்காத விஷயங்கள். இத்தனை வருஷமாக நிர்மலாதேவி யூகித்து யூகித்து எழுதியதெல்லாம் பெயரோடும் ஊரோடும் எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது.

இவரை இப்போதே எழுப்பி அனுப்பிவிட வேண்டும். நான் நீங்கள் நினைக்கிற ஆள் இல்லை என்று சொல்லிவிட வேண்டும். நிர்மலாதேவிக்கு அது தெளிவாகவே தெரிந்தது. கேட்டருகே போய் வெளியே பார்த்தார். தெருவில் யாரும் இல்லை. கேட்டைச் சாத்திக் கொக்கியை மாட்டிவிட்டுத் திரும்பி வந்து, நாற்காலியை உத்திராபதியின் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எந்தப் படகு?" என்று கேட்டார்.