தருப்பையில் எரித்தவர்

அத்தான் திரும்பி வந்தது மத்தியானமா சாயங்காலமா என்று எனக்கு நிச்சயமில்லை. கையில் தகரப்பெட்டி இருந்ததாக நினைவு. துணிமூட்டைதான் என்கிறாள் என் மனைவி மீனாள். வருஷத்தில் மட்டும் சந்தேகமில்லை. அறுபத்து நாலு. பர்மா அரசாங்கம் கடைகளை எடுத்துக்கொண்டு நம்மவர்களைக் கப்பலேற்றிய வருஷம்.

முத்துராமன் அத்தான் என் அக்காவான தேனம்மை ஆச்சியின் கணவர். கல்யாணமான சூட்டோடு எங்கள் அப்பச்சி, அதாவது அப்பா, பர்மாவில் மோல்மேன் ஊரில் வைத்திருந்த வட்டிக்கடையைப் பார்த்துக்கொள்ளப் போனார். ஜப்பான்காரன் வந்தான், வெள்ளைக்காரன் ஓடினான். கடைக்காரர்கள் காட்டு வழியே நடந்து ஊர் சேர்ந்தார்கள். அத்தான் வரவில்லை. பிறகு சுதந்திரப் படையில் சேர்ந்துவிட்டதாகத் தகவல் வந்தது. ஆச்சி அழவில்லை. அன்றிலிருந்து கதர் மட்டும் உடுத்தினாள். அவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவள் குரல் நிமிரும்.

சண்டை முடிந்தது, சுதந்திரமும் வந்தது. அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. பன்னிரண்டு வருஷம் தகவலில்லாதவரை இறந்தவராகக் கொள்வது வழக்கம். தருப்பைப் புல்லில் ஆள் செய்து, பெயர் சொல்லி எரித்தோம். ஆச்சியின் தாலியைக் கழற்றினார்கள். அவள் எங்கள் வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டிலேயே தங்கிவிட்டாள்.

அதற்குப் பத்து வருஷம் கழித்துத்தான் அவர் வந்து நின்றார். தெருவில் 'தருப்பைச் செட்டியார்' என்று பெயர் வைத்தார்கள்.

ஏன் வரவில்லை என்று கேட்டேன். சொன்னார். படைக்கு நிதி கேட்டபோது கடைப்பெட்டியில் இருந்ததை அப்படியே கொடுத்துவிட்டாராம். முதலாளி பெட்டியைத் தொட்டவன் எந்த முகத்தோடு ஊருக்குள் வருவது என்று அங்கேயே அரிசி ஆலையில் வேலை பார்த்திருக்கிறார். அப்பச்சி சாகும்வரை அந்தப் பணம் சண்டையில் போனதாகவே நினைத்திருந்தார். அத்தானைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை. அதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அத்தான் முகம் என்னவோ ஆகிவிட்டது.

ஐயரைக் கேட்டோம். எரித்தவர் திரும்பினால் புதிதாய்ப் பிறந்தவராக எண்ணி, குழந்தைக்குச் செய்வதுபோல் சடங்கு செய்து பெயர் வைக்கலாம், அதே மனைவிக்கே மறுபடி தாலியும் கட்டலாம் என்றார். பங்காளிகள் முணுமுணுத்தார்கள். தேனம்மை சரியென்றால் சரி என்று கடைசியில் ஒப்புக்கொண்டார்கள்.

ஆச்சி அவரை வரச் சொன்னாள். நானும் கூட நின்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"குண்டுக்குப் பயப்படாதவுக, எங்கப்பச்சிக்குப் பயந்துட்டீக" என்றாள் ஆச்சி.

"வந்திருந்தா உன்னையும்ல தலைகுனிய வச்சிருப்பேன்."

"குனிஞ்ச கழுத்துலயும் தாலி கிடக்கும்."

வெளியே எங்கோ அம்மியில் அரைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நாட்டுக்குப் போனவுகன்னு நினைச்சுத்தான் நான் இத்தனை நாளும் இருந்தேன்" என்றாள் கடைசியில். "அவுகளுக்குக் கொள்ளி வச்சாச்சு. ஒங்கள எனக்குத் தெரியாது. தம்பி, இவுகளுக்குச் சாப்பாடு போடச் சொல்லு."

அவர் சாப்பிட்டார். இலையை மடித்துவிட்டுப் போனார்.

கழனிவாசல் பக்கம் ஓர் அறை எடுத்து, அரிசி ஆலை ஒன்றில் கணக்கு எழுதினார். எழுபத்தொன்றில் காய்ச்சலில் இறந்தார். நான் கொள்ளி வைத்தேன். ஆச்சி தலைமுழுகினாள். அவள் செய்வதற்கு வேறொன்றும் இருக்கவில்லை. மறுவருஷம் சுதந்திரத் தியாகிகளுக்கும் அவர்கள் மனைவிமார்களுக்கும் பென்ஷன் அறிவித்தார்கள். ஆச்சி போன தை மாதம் இறந்தாள். அந்த வீட்டை இப்போது பங்காளிகள் பூட்டி வைத்திருக்கிறார்கள். நானும் மீனாளும் திருப்பத்தூரில் மகனோடு இருக்கிறோம்.