வரும்போது ஒரு மணி நேரம்

தம்பி அனுப்பிய விமான டிக்கெட்டை அப்பாவின் கண்ணாடிக்கு நேராகப் பிடித்துக் காட்டியதுதான் அக்கா செய்த தப்பு.

"பதினொன்னு பத்துக்குக் கிளம்பி, பன்னெண்டு இருபதுக்கு வருது" என்று அப்பா படித்தார். முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். இடுப்பெலும்பு முறிந்து எட்டு மாதமாகப் படுக்கையில் கிடந்தாலும் வழிக்கணக்கு மறக்கவில்லை. "ஒரு மணி நேரம் பத்து நிமிஷம். இவ்வளவுதானா?"

அவை அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் மணிகள். தம்பியின் ஊர் நாலு மணி நேரம் முந்தி ஓடுகிறது. நாலாயிரம் கிலோமீட்டரைப் பறந்து கடக்க ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். அக்காவுக்கு இது தெரியும். சொல்ல வாயெடுத்தாள்.

"தூரம் தூரம்னு மூணு வருஷமா கதை விட்டிருக்கான் பாரு! நீயும் சேர்ந்து ஜால்ரா போட்டிருக்க. வரட்டும், பேசிக்கிறேன்."

வாயை மூடிக்கொண்டாள். வெந்நீர் ஆறியதற்கு, தலையணை சரிந்ததற்கு, மழை பெய்ததற்கும்கூட அவள்தான் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். ஒரு தடவையாவது அது வேறு விலாசத்துக்குப் போகட்டும். ஈரப் போர்வையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். விடுப்பு முடிந்தால் சலவைக்கடையிலும் இதே வேலைதான்: மற்றவர்களின் போர்வைகள்.

மறுநாள் மத்தியானம் தம்பி வந்தான். பையைக் கீழே வைக்கக்கூட விடவில்லை.

"வாங்க துரை. ஒரு மணி நேரம் பயணம் பண்ண மூணு வருஷம் ஆச்சோ?"

தம்பி விழித்தான். அக்கா போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாள் லீவு?"

"நாளை மறுநாள் போகணும்ப்பா."

"அந்த டிக்கெட்டையும் காட்டு." வாங்கிப் படித்தார். "ரெண்டு மணிக்குக் கிளம்பி... ராத்திரி பதினொன்னா?" கோபம் இறங்கி, முகத்தில் கவலை வந்தது. "டேய், வர்றதுக்கு ஒரு மணி நேரம், போறதுக்கு ஒம்பதா? வழியில அவ்வளவு மேடா?"

தம்பி அக்காவின் காதருகே வந்தான். "நீ எடுத்துச் சொல்லக் கூடாதாக்கா?"

"எட்டு மாசமா எல்லாத்தையும் நான்தான்டா சொல்றேன். இதை நீ சொல்லு."

உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். பட்டப்பகலில் படுத்து எத்தனை காலமாயிற்று! வானத்தில் எங்கோ தவறி விழுந்த அந்த நாலு மணி நேரம் தன் கட்டிலில் கிடப்பதுபோல் இருந்தது.

"அப்பா, இங்க வெயில் அடிக்கிறப்போ அங்க பொழுது சாஞ்சிருக்கும். அதனால..."

"யார்கிட்ட கதை விடுற? சூரியன் என்ன ரெண்டா இருக்கு?"

தம்பி இன்னொரு முறை ஆரம்பித்தான். இன்னொரு முறை. அப்புறம் நீளமாக ஒரு மூச்சு.

"ஆமாப்பா. பயங்கர மேடு."

"சொன்னேன்ல? அலுத்து வந்த உடனே அந்த மேட்டுல ஏறக் கூடாதுடா. உடம்பு தாங்காது."

தம்பி பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"ஒரு வாரம் இருந்துட்டுப் போறேன். டிக்கெட்டை மாத்திக்கிறேன்."

கூடத்தில் கட்டில் கிரீச்சிட்டது. பழக்க தோஷத்தில் அப்பா குரல் கொடுத்தார். "கண்ணு, இங்க வாம்மா!"

கேட்டதும் அக்காவின் கால் தானாகத் தரையைத் தொட்டது.

"அவ தூங்கட்டும். என்ன வேணும்ப்பா?"

"உனக்குத் தெரியாதுடா."

"சொல்லுங்க, செய்யுறேன்."

அவள் காலை மறுபடி போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.