வரம் படுக்கும் நாள்

"மாமா, நீ ஒரு டெஸ்ட் குடுக்கணும்."

காஞ்சனா கேட்டேவிட்டாள். நகரியில் பஸ் ஏறியதிலிருந்து வடமாலபேட்டையில் இறங்கும் வரைக்கும் அவள் அம்மா கிருஷ்ணம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "வேற எதை வேணா பேசு, அத மட்டும் மாப்ளைகிட்டக் கேட்டுடாதடி" என்று கெஞ்சிக்கொண்டே வந்திருந்தாள். அக்கா வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றி, ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கும் நேரம்தான் அந்தக் கெஞ்சல் தாங்கியது.

அண்ணாதுரை இட்லியைச் சட்னியில் தோய்த்தபடி நிமிர்ந்தான். மச்சினிச்சி பேச்சை அவன் எப்போதும் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொள்வான்.

"இன்னா டெஸ்டு? பத்தாங்கிளாஸையே மூணு தபா எழுதினவன் நான். இன்னொண்ணு தாங்காது தாயே."

"விந்து டெஸ்ட்."

கைப்பையிலிருந்து வெள்ளை மூடி போட்ட சின்ன டப்பாவை எடுத்து இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மேலே ஒட்டிய சீட்டில் பெயர், வயது எல்லாம் எழுதியாகிவிட்டது. திருப்பதியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. ஒரு நாளைக்கு நாற்பது டப்பாவில் பெயர் எழுதுகிற கை.

கிருஷ்ணம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு மூடிய வாயோடே கத்தினாள். "ஏமே, உனுக்கு அறிவு இருக்குதா? ஆம்பள துன்னுக்கினு இருக்கறப்ப..."

"துன்னட்டும். வேணாம்னு சொன்னேனா?"

ஒன்பது வருடமாக அக்கா ரோஹிணிக்குக் குழந்தை இல்லை. திருப்பதியில் ஸ்கேன், வேலூரில் ஸ்கேன், மறுபடி திருப்பதியில் கருக்குழாயில் மருந்து செலுத்தி ஒரு படம். வலியில் உதட்டைக் கடித்துக் கிழித்துக்கொண்டு வந்தாள். எல்லாத் தாளிலும் ஒரே பதில்: குறை இல்லை. ஒவ்வொரு டாக்டரும் ஒரே வார்த்தை சொன்னார்: வீட்டுக்காரரையும் ஒரு தடவை பார்த்துவிடலாம். அந்த வார்த்தை மட்டும் ஆஸ்பத்திரி வாசல்படியைத் தாண்டி வீடு வந்து சேர்ந்ததே இல்லை.

அதற்குப் பதிலாக ஒவ்வொரு கோடையிலும் தர்மராஜா கோயில் பாரதக் கூத்து வந்தது. அதில் அர்ச்சுனன் தபசு அன்றைக்கு ரோஹிணி வரம் படுக்கப் போவாள். பனைமரத்தைப் போல நெடிய தபசு மரத்தில் அர்ச்சுன வேஷக்காரர் பாடிக்கொண்டே படிபடியாக ஏறுவார். கீழே மண்ணில், பிள்ளையில்லாத பெண்கள் ஈரப் புடவையோடு குப்புறப் படுத்துக் கிடப்பார்கள். உச்சிக்குப் போனதும் அவர் எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவார். யார் மேல் பழம் விழுகிறதோ அவளுக்குப் பிள்ளை. ஆறு வருடம் ரோஹிணி கிடந்தாள். போன வருடம் அவள் முதுகிலேயே பழம் விழுந்தது. ஊரே குலவை போட்டது. அடுத்த மூன்று மாதத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்றதும் அதே ஊர் சொன்னது: "சாமியே கையில குடுத்தும் அவ வயித்துல தங்கல பாரு."

அதை நினைத்தால் காஞ்சனாவுக்கு இன்னமும் காது சுடும். இன்றைக்கு மறுபடியும் தபசு.

"இன்னிக்கு ஏன் கேக்கறேன்னு சொல்லட்டா மாமா? மூணு நாளாவது புருஷன் பொண்டாட்டி ஒதுங்கி இருந்துட்டுக் குடுத்தாத்தான் ரிசல்ட் சரியா வரும். அக்கா அஞ்சு நாளா விரதம். தருமராஜாவே உன்ன ரெடி பண்ணி வெச்சிருக்காரு."

அண்ணாதுரை சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

அவன் சாமி கும்பிடாதவன். அவன் அப்பா கறுப்புச் சட்டைக்காரர், எல்லை தாண்டித் திருத்தணிக்குச் சைக்கிளில் போய்க் கூட்டம் கேட்டவர். மகனுக்குப் பேச்சு அப்படியே இறங்கியிருந்தது. காஞ்சனா டிகிரி பாஸ் பண்ணிய அன்று அம்மா, "ஏழுமலையான் போட்ட பிச்ச" என்றபோது, "இல்ல, எங்க நைனா ராத்திரி ராத்திரி நின்னு ஓட்டின தறி" என்று அவள் வெடித்தாளே, அந்த வீட்டிலே அவள் பக்கம் நின்று கைதட்டிய ஒரே ஆள் மாமாதான். அன்றிலிருந்து அவள் எந்தக் கோயிலிலும் காலெடுத்து வைத்ததில்லை. அதற்காகவும் அவன் அவளை மெச்சியிருக்கிறான்.

"காஞ்சனா," என்றான் இப்போது, குரலைத் தணித்து. "நான் அர்ச்சுனனையே நம்பாதவன். வேஷம் கட்டற அந்தாளுக்குப் போன மாசம் போர்வெல் மோட்டார் எரிஞ்சப்ப நான்தான் கடையில காயில் கட்டிக் குடுத்தேன். அவன் மேல ஏறிப் பழம் போட்டா புள்ள பொறக்குமா? நானா உங்கக்காவப் போகச் சொல்றேன்?"

"போகச் சொல்லல. வருஷா வருஷம் வண்டியில ஏத்திக்கினு போய் வுடற."

"அவ இஷ்டம். அதுல நான் தலையிடக் கூடாதுல்ல?"

"சரி. உன் கடைக்கே வர்றேன். ஒரு ரைத்து கழனியிலேர்ந்து மோட்டாரக் கழட்டித் தூக்கிக்கினு வர்றான். ஓடல. நீ மொதல்ல இன்னா பண்ணுவ?"

அவன் இன்னொரு இட்லியைப் பிட்டான்.

"சொல்லு மாமா. லைன்ல கரண்ட் வருதான்னு கேப்பியா மாட்டியா? கரண்டே பாக்காம ஒன்பது வருஷம் மோட்டாரையே கழட்டிக் கழட்டி மாட்டுவியா?"

கிருஷ்ணம்மாவுக்கு அந்த உவமை புரிந்துவிட்டது. அதுதான் வம்பு. "ஐயய்யோ, படிக்க வெச்சது இதுக்கா? சாமிகிட்ட எதை வேணா கேக்கலாம்டி, மாப்ளைகிட்டக் கேக்கக் கூடாது! மாப்ளை, நீங்க மனசுல வெச்சிக்காதீங்க. இவளுக்கு நாக்குல சனி."

"இருக்கட்டும் அத்த." அண்ணாதுரை தட்டிலேயே கையைக் கழுவினான். கோபப்படுவான் என்றுதான் காஞ்சனா காத்திருந்தாள். கோபத்துக்குப் பதில் கொடுக்க அவளிடம் நிறைய இருந்தது. ஆனால் அவன் டப்பாவைப் பார்த்தபடியே பேசினான்.

"இப்ப எவனாச்சும் கேட்டா, 'சாமி இன்னும் கண்ணத் தொறக்கல'ன்னு எங்கம்மா சொல்லிடுது. கேட்டவனும் தலைய ஆட்டிக்கினு போய்டறான். நீ குடுக்கற பேப்பர்ல என் பேரு போட்டு வந்துச்சின்னா? அப்புறம் யாரச் சொல்றது?"

சொல்லி முடித்துக் காஞ்சனாவை நிமிர்ந்து பார்த்தான். லேபில் எத்தனையோ ஆண்கள் இந்த டப்பாவைக் கைக்குட்டையில் மறைத்துக்கொண்டு வந்து நீட்டுவதைப் பார்த்திருக்கிறாள். ஒருவனும் அவள் கண்ணைப் பார்த்ததில்லை. இவன் பார்த்தான். அதில் பயம் மட்டும்தான் இருந்தது. பாவமாக இருந்தது. பாவப்படுவது அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது.

"அப்ப உனுக்கும் சாமி வேண்டியிருக்குது மாமா," என்றாள் மெல்ல. "எங்கம்மா கும்பிட்டுக்கினு வெச்சிருக்கு. நீ கும்பிடாம வெச்சிருக்கற. வெயில்ல கெடக்கறது மட்டும் எங்கக்கா."

பின்கட்டுக் கதவு திறந்தது. ரோஹிணி மஞ்சள் புடவையோடு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து நின்றாள். புடவை நுனியிலிருந்து நீர் தரையில் ஓடியது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"அக்கா, நீ போகாத. இதோட நிறுத்து," என்றாள் காஞ்சனா.

"ஏன்?"

"ஏனா? உனுக்கே தெரியாதா? பழத்துல ஒண்ணும் இல்ல."

"பழத்துல இருக்குதா இல்லியான்னு நீயா பாத்த? லேப்ல வெச்சியா?"

கிருஷ்ணம்மாவே ஒரு நொடி சிரித்துவிட்டாள். ரோஹிணி சிரிக்கவில்லை.

"நீயும் பேசறே, உன் மாமனும் பேசறாரு, அம்மாவும் பேசுது. சாமி உண்டுன்றீங்க, இல்லன்றீங்க. என்ன ஒரு தபா கேட்டீங்களாடி? அங்க நாப்பது பேரு படுத்துக்கினு இருப்போம். பக்கத்துல கெடக்கறவ பேரு கூட தெரியாது. ஆனா ஒருத்தியும் 'விசேஷம் ஒண்ணும் இல்லியா'ன்னு கேக்க மாட்டா. மூக்குல மண்ணு ஒட்டிக்கினு கெடக்கறப்ப, மேல அந்தாளு பாடறது கேக்கும். எனுக்கு அழுகை வரும். அழுதா யாருக்கும் தெரியாது, எல்லாம் ஈரம்தானே. அந்த நேரத்துல தருமராஜா பக்கத்துல இருக்கறாருன்னுதான் எனுக்குத் தோணுது. அத நீ எந்தக் கண்ணாடில பாப்ப?"

ரோஹிணி புருஷன் பக்கம் திரும்பினாள். ஒன்பது வருடத்தில் அவள் அந்தக் குரலை எடுத்ததே இல்லை.

"டெஸ்ட்டுந்தான் குடுக்கணும் நீ. நான் ரெண்டையும் நம்பறேன். ரெண்டையும் நம்பக் கூடாதுன்னு எவன் சொன்னான்? என்ன எத்தினி தபா மேஜ மேல படுக்க வெச்சாங்க, வெளிய சேர்ல உக்காந்து போன் பாத்துக்கினு இருந்தியே. நாளைக்குக் காலையில ஆறரை பஸ்ல இவகூடத் திருப்பதிக்குப் போறேன். நீ வந்தா மூணு பேரு. குடுத்துட்டுத் திரும்பி வந்துடலாம். உனுக்குக் கொற இருந்தாலும் நான் ஒண்ணும் ஓடிட மாட்டேன். வரலன்னா ரெண்டு பேரு."

"ரெண்டு பேருன்னா?" என்றான் அண்ணாதுரை.

"திருப்பதியில என் ரூம்ல இன்னொரு பாய் போட எடம் இருக்குது," என்றாள் காஞ்சனா. அவள் அதை யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகு யோசிக்க ஒன்றும் மிச்சமும் இல்லை.

கிருஷ்ணம்மா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். "பொறந்த வூட்டுக்காரிதான் தண்ணி ஊத்தணும். இவ பேசின பேச்சுக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கோயிலுக்கு வருவேன்? நான் வரல. போ."

அது வழக்கம். அர்ச்சுனன் மரத்திலிருந்து இறங்கும்வரை படுத்திருப்பவளின் புடவை காயக் கூடாது. பிறந்த வீட்டுப் பெண் ஒருத்தி பக்கத்தில் நின்று மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பாள். ஆறு வருடமும் கிருஷ்ணம்மாதான் ஊற்றினாள்.

"ஊத்தற ஆள் இல்லாம படுத்துக்கறேன்," என்று ரோஹிணி வாசலில் இறங்கினாள். சித்திரை வெயில் சிமெண்ட் தளத்தில் வெள்ளையாய் அடித்தது. இரண்டடி வைப்பதற்குள் அவள் கால் பதிந்த ஈரம் பின்னாலேயே உலர்ந்து வந்தது. தெருமுனை ஒலிபெருக்கியில் தமிழில் பாதி, தெலுங்கில் பாதியாக யாரோ பெண்களைச் சீக்கிரம் வரச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

காஞ்சனா கைப்பையை மூலையில் போட்டாள். துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டினாள். மஞ்சள் கரைத்து வைத்திருந்த பித்தளைக் குடத்தைத் தூக்கி இடுப்பில் ஏற்றினாள். கனத்தது. ஒரு பக்கம் தளும்பிச் சுடிதாரை நனைத்தது.

"நீயா?" என்றான் அண்ணாதுரை. "சாமியே இல்லன்றவ?"

"இல்லதான்," என்றாள் அவள். "வெயில் இருக்குதே."

செருப்பைத் தேடவில்லை. வெறுங்காலோடு படியிறங்கி, அக்காவை எட்டிப் பிடிக்க நடந்தாள்.