பத்தில் ஆறு நீலம்

கடுகில் பாதிகூட இருக்காது அந்த உயிரிகள். கடலில் மிதந்து திரியும். மீன்குஞ்சுகளுக்கு அதுதான் சோறு. அவற்றின் வயிற்றில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று மூன்று மாதமாக மைக்ராஸ்கோப்பே கதியென்று கிடந்தாள் அந்த ஆராய்ச்சி மாணவி. உடம்பு கண்ணாடி மாதிரி. தின்றது வெளியே தெரிந்துவிடும். போன வாரம் அடித்தது யோகம். பத்தில் ஆறு வயிற்றில் பளிச்சென்று நீலத் துணுக்கு!

பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. "மாநாட்டுல நம்ம பேச்சாத்தான் இருக்கும்!" என்றார்.

இந்த உயிரிகளைப் பிடிக்க வாராவாரம் அவளோடு வலை இழுக்க வரும் படகுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினாள். யாருக்கும் பாடம் எடுக்காத அவளை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"டீச்சர், இது எனக்குப் பழகின நீலமா இருக்கே."

"கடல்ல எல்லாம் நீலம்தானே அண்ணே."

"அதில்ல. போன வாரம் வலைக்குப் புதுக் கயிறு மாத்தினேன்ல? சல்லிசா கிடைச்சுது. தொட்டாலே தூள் கொட்டுது."

படகுக்கு ஓடிப்போய்க் கொஞ்சம் தூளைத் தட்டி எடுத்து வந்தாள். அதை நீலத் துணுக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அச்சு அசல் அதேதான். வலையின் அடிக்குடுவையில் மாட்டிய உயிரிகள், அவற்றைக் கொன்று பதப்படுத்தும் மருந்தை ஊற்றுவதற்குள் கொட்டிய தூளை மொக்கித் தீர்த்திருக்கின்றன.

"நான் வாயத் திறக்க மாட்டேன் டீச்சர்," என்றார் அவர், ஆறுதலாக. அதைக் கேட்டதும்தான் அவளால் உட்கார முடியவில்லை. நேரே பேராசிரியர் அறைக்குப் போய்ப் போட்டு உடைத்தாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். "மாநாட்டுப் போஸ்டர் அச்சுக்குப் போயாச்சேம்மா."

"வர்ற வழியிலேயே நிறுத்தச் சொல்லிட்டேன் சார்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப இங்க என்ன நிக்கிற? படகுக்குப் போ!"

இந்த முறை பருத்திக் கயிறு. வலை ஏறின கையோடு படகிலேயே மருந்து ஊற்றினாள். இருநூறு உயிரிகளைப் பார்த்து முடிக்கப் பத்து நாளாயிற்று. பதினோரு வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது. சிவப்பு, வெள்ளை, ஒரு பச்சை.

படகுக்காரர் முகம் தொங்கிப்போனது. "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஆனா இது கடல் குடுத்தது அண்ணே."

சொல்லிவிட்டுத் துள்ளிக் குதிக்காத குறையாகச் சிரித்தாள். ஒரு பூச்சி பிளாஸ்டிக் தின்றதற்கா இத்தனை சந்தோஷம் என்று மறுநிமிடமே வெட்கமாயிற்று.

மாநாட்டில் கயிற்றுக் கதையையும் மறைக்காமல் சொன்னாள். பின்வரிசையில் ஒருவர் சத்தமில்லாமல் எழுந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டே வெளியே நழுவினார்.

"டேய், நம்ம வலைக் கயிறு என்ன கலர்?"