தரையில் ஊற்றிய கோலா

நாற்பது வயதைத் தாண்டிய ஒருத்தி இன்டர்னாகச் சேர்ந்தால் உலகம் என்ன சொல்லுமோ தெரியாது. வீட்டுக்காரர் சொன்னது இதுதான்: "வேலை கத்துக்கப் போறியா, இல்ல அங்கயும் எல்லாருக்கும் தலை வாரி விடப் போறியா?"

மகள் மேற்படிப்புக்குக் கிளம்பிப் போனபின் அந்த வீட்டில் குக்கர் ஒன்றுதான் வாயைத் திறந்தது. பொழுது போகாமல் அவள் அஞ்சல் வழியில் அரங்க நிர்வாகம் படித்தாள். படிப்பு முடிய ஒரு கலைவிழாவில் மேடைக்குப் பின்னால் பயிற்சி எடுத்தாக வேண்டும். வந்த அன்றே எல்லாருக்கும் அக்கா ஆகிவிட்டாள். அவளை வேலை வாங்கிய மேடை மேலாளருக்கு அவள் மகளைவிட வயது கம்மி. ஹெட்செட்டில் ஓயாமல் "சைலன்ஸ், சைலன்ஸ்" என்று சீறிக்கொண்டிருந்ததால் அந்தப் பெண்ணுக்கு சைலன்ஸ் என்றே பெயர்.

முதல் நாள் அக்காவுக்கும் ஒரு ஹெட்செட் கொடுத்தார்கள். மேடையில் ராஜா விஷம் குடித்து, மெதுவாக உயிரை விட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து எல்லார் காதிலும் அக்காவின் குரல்:

"எல்லாரும் சாப்டீங்களா?"

திரை இழுப்பவர் காலையிலிருந்து பட்டினி. யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை. கண் கலங்கி, கண்ணைத் துடைக்கக் கயிற்றை விட்டார். திரை விழுந்தது. திரைக்கு முன்னால் தனியாக மாட்டிக்கொண்ட ராஜா, மிச்ச உயிரை முதல் வரிசைக்காரர்களின் காலடியில் விட வேண்டியதாயிற்று.

சைலன்ஸ் ஹெட்செட்டைப் பிடுங்கிக்கொண்டாள். "இன்னும் ஒரு தடவை சொதப்புனா வாசல்ல டிக்கெட் கிழிக்கப் போயிடுங்க அக்கா."

வாசல் என்பது மேடைக்கு முன்பக்கம். அங்கே போனால் பயிற்சி செல்லாது, படிப்பு அம்போ.

மறுநாள் தரை துடைக்கும் வேலை. நடனம் ஆடும் மேடை வழுக்கக்கூடாது என்பதற்காக, தண்ணீரில் கோலா பானம் கலந்து துடைப்பார்கள். காய்ந்ததும் தரை காலை லேசாகப் பிடிக்கும். அன்று ஆட இருந்தவள், போன வருடம் அதே மேடையில் தாவி இறங்கும்போது வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டவள். அதற்குப் பிறகு இன்றுதான் மறுபடி ஆடப்போகிறாள்.

"வாளித் தண்ணிக்கு ஒரு பாட்டில். கேட்டுச்சா?" என்றாள் சைலன்ஸ்.

"கேட்டுச்சு கண்ணு."

காதுக்குக் கேட்டது. கைக்குத்தான் கேட்கவில்லை. யார் வீட்டுக்கு வந்தாலும் போதும் போதும் என்று அலறும் வரை பரிமாறிய கை அது. கால் உடைந்த பெண்ணுக்கு ஒரு பாட்டிலா? நடிகர்கள் குடிக்க வைத்திருந்த பெட்டியை அப்படியே தூக்கி வந்து, தண்ணீர் கலக்காமல் ஊற்றித் துடைத்துவிட்டாள்.

தரை காய்ந்தது. குறுக்கே நடந்த லைட்காரர் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார்; செருப்பு நடுவிலேயே நின்றுகொண்டது. பியானோக்காரர் முக்காலியை இழுத்துப் பார்த்தார். முக்காலி வரவில்லை, மேடைதான் கொஞ்சம் நகர்ந்தது என்கிறார்கள். அதை முழுசாக நம்ப வேண்டாம், முக்கால்வாசி நம்பினால் போதும். எறும்புகள் வந்தன. அந்த விழாவிலேயே வரிசையில் ஒழுங்காக வந்த கூட்டம் அவைதான்.

ஓடி வந்த சைலன்ஸ் நடு மேடையில் ஒட்டிக்கொண்டாள்.

"அக்கா! எத்தனை பாட்டில் ஊத்துனீங்க?"

"சின்னப் புள்ள ஆடுற இடத்துல யாராச்சும் கணக்குப் பாப்பாங்களா?"

சொல்லிவிட்டாளே தவிர, அக்காவுக்கு உள்ளே டிக்கெட் கிழிகிற சத்தம் கேட்டது. வெந்நீர் கொண்டுவந்து, முட்டி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். இடது முன்மூலைதான் பாக்கி. அப்போது நடனக்காரி வந்தாள். மேடை ஓரத்தில் முகம் வெளுத்து, ஏறத் தைரியமில்லாமல் நின்றாள். பிறகு அந்த மூலையில் ஒரு காலை வைத்து எடுத்தாள். பசக். சிரித்துவிட்டாள்.

"போன வருஷம் இதே எடத்துலதான் விழுந்தேன். இதை மட்டும் கழுவாதீங்க அக்கா."

"மறுபடி விழுந்தா?" என்று பதறினாள் சைலன்ஸ்.

"விழறதுக்கு முதல்ல கால் கிளம்பணுமே!"

மாலையில் அரங்கம் நிறைந்திருந்தது. நடனக்காரி பயமில்லாமல் தாவினாள். அந்த மூலையில் ஒற்றைக் காலில் இறங்கினாள். ஆணி அடித்தது போல நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். கைதட்டல் கூடிக்கொண்டே போனது. கால் வரவில்லை.

அவள் கண் மேடை ஓரத்தில் இருந்த அக்காவைத் தேடியது. பள்ளிக்கூடம் விட்டு வந்து அப்படியே தூங்கிப்போகும் மகளின் ஷூவைக் கழற்றிக் கழற்றிப் பழகியவள் அக்கா. சத்தமில்லாமல் கையை ஆட்டிக் காட்டினாள்: முதலில் குதிகால், அப்புறம் விரல். நடனக்காரி குதிகாலை மெல்லத் தூக்கினாள். பாதம் நழுவி வந்தது. நடனக் காலணி அங்கேயே நின்றது. ஒரு கால் வெறுங்காலாக மீதி ஆட்டத்தை ஆடி முடித்தாள்.

பழைய வலியைக் கழற்றி வைத்த காட்சி என்று மறுநாள் பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். அந்த நேரம் அக்கா சாப்பாட்டுக் கரண்டியால் அந்தக் காட்சியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

சைலன்ஸ் வந்தாள். ஹெட்செட்டை அக்காவின் தலையில் மாட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து எல்லார் காதிலும் அவள் குரல், தயங்கித் தயங்கி:

"அக்கா... சாப்டீங்களா?"

திரை இழுப்பவர் கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.